பட்டி பார்த்த ஓட்டைகள்: வாசகர் கேள்வி – பதில்

பணியிடத்தில் குணநலன் குறித்த கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, கோவையில் வார்ப்படத் தொழிலிலும் பம்ப் உற்பத்தியிலும் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் இங்கே பதிலளிக்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மூன்று மாதங்களுக்கு முன் ஷிப்ட் பொறுப்பாளராக உயர்வு பெற்றேன். ‘நல்லவனாக நடந்துகொண்டால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள், உற்பத்தி வேண்டுமானால் பயம் இருக்க வேண்டும்’ என்கிறார் என் மேலாளர். அவருடைய பிரிவில் உற்பத்தி எண்ணிக்கையும் நன்றாகத்தான் இருக்கிறது. நற்குணம் வீட்டுக்குச் சரி. தொழிற்சாலையில் அதனால் என்ன பயன்? – வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் மேலாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பயம் எண்ணிக்கையைக் கூட்டும். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. இதை நான் என் கைக்காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஒரு பவுண்டரியில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்தேன். மழைக்காலத்து இரவு ஷிப்ட் ஒன்றில், உலோகத்தை ஊற்றும் மணல் அச்சுகளைச் செய்யும் வயதான மோல்டர் ஒருவர் என்னிடம் வந்து, மணலில் ஈரம் கூடுதலாக இருக்கிறது, இன்றைக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டால் நல்லது என்றார். மறுநாள் காலையில் லாரி வருவதாக இருந்தது. டிஸ்பேட்ச் ஏற்கெனவே இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. ‘வேலை செய்ய உடம்பு வளையவில்லை என்றால் அதைச் சொல், மணலைச் சொல்லாதே’ என்று பத்துப் பேர் முன்னிலையில் கத்தினேன். அவர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். உலோகத்தை ஊற்றினார்கள். காலையில் கணக்கு சரியாக இருந்தது, லாரியும் நேரத்துக்குக் கிளம்பியது.

ஈர மணலில் சூடான உலோகம் பட்டால் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாத ஆவி வார்ப்புக்குள் குமிழாகத் தங்கிவிடும் என்பது பவுண்டரியில் காலை வைத்த முதல் வாரத்தில் கற்கும் பாடம். சில வாரங்கள் கழித்து அந்தப் பம்ப் கேசிங்குகள் (பம்பின் வெளிக்கூடுகள்) வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தன. தண்ணீரின் அழுத்தம் ஏறியதும் பெயின்ட் உப்பி, அடியில் ஓட்டைகளை மறைக்கப் பூசியிருந்த பட்டி உதிர்ந்து, பொத்தல்கள் வழியாக நீர் கசிந்திருக்கிறது. விசாரித்தபோது தெரிந்தது: உடைத்து எடுத்தவர், பிசிறு தட்டியவர், கிரைண்டர் பிடித்தவர், பட்டி பார்த்தவர், பெயின்ட் அடித்தவர் என ஐந்து பேருக்கு அந்த ஓட்டைகள் தெரியும். அழுத்தச் சோதனை செய்யாமலே செய்ததாகப் பதிவேட்டில் எழுதியவருக்கும் தெரியும். எவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. மோல்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘அன்னைக்கே சொன்னேனுங்க சார்’ என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அவர்கள் திருடர்கள் அல்லர். அன்றாடம் வியர்வை சிந்தி உழைத்த நல்ல மனிதர்கள். அந்தக் கூடத்தில் கெட்ட செய்தி சொன்னால் என்ன கிடைக்கும் என்பதை நான்தான் அவர்களுக்குப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்திருந்தேன். ஆகவே, பொறுமை, நேர்மை, பிறரை மதித்தல் ஆகியவற்றால் தொழிற்சாலைக்கு என்ன பயன் என்று கேட்டால், கெட்ட செய்தி உரிய நேரத்தில் உங்களிடம் வந்து சேரும் என்பதே என் பதில். மற்ற பயன்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் அன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் ஆலை ஒன்று இருந்தது. எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நிலை, தரமும் மோசம். 1982-இல் அதை இழுத்து மூடினார்கள். டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து 1984-இல் அதே ஆலையைத் திறந்தபோது, பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே வேலைக்கு எடுத்தார்கள். நிர்வாகம் மட்டும் மாறியது. கோளாறு கண்ட எவரும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம். இழுத்தவரை ஏன் நிறுத்தினாய் என்று அதட்டாமல், என்ன உதவி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு குழுத் தலைவர் ஓடிவருவார். வேலைக்கு வராதோர் விகிதம் சில ஆண்டுகளுக்குள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. தரத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் மிகச் சிறந்த ஆலைகளுள் ஒன்றாக அது பெயர் பெற்றது. அதே முறையைப் பிற ஆலைகளுக்குக் கொண்டுபோனபோது அவ்வளவு எளிதாக ஒட்டவில்லை. கயிற்றை ஒரே நாளில் கட்டிவிடலாம், இழுத்தவரை மதிக்கும் மேற்பார்வையாளரை ஒரே நாளில் செய்துவிட முடியாது. (அந்த ஆலை 2010-இல் மீண்டும் மூடப்பட்டு, இப்போது டெஸ்லா கார்கள் அங்கே தயாராகின்றன என்பது வேறு கதை.)

உங்கள் ஓசூர் ஆலையிலும் அப்படி ஒரு கயிறோ பொத்தானோ இருக்கக்கூடும். அது கடைசியாக எப்போது பயன்பட்டது, பயன்படுத்தியவரிடம் உங்கள் மேலாளர் முதலில் என்ன சொன்னார் என்று விசாரித்துப் பாருங்கள். அவருடைய எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம் என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர். மருந்து கொடுப்பதில் பிழை நேர்ந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தண்டிக்க மாட்டேன் என்று ஆறு மாதங்களுக்கு முன் என் பிரிவில் அறிவித்தேன். இப்போது பதிவாகும் பிழைகளின் எண்ணிக்கை மற்றப் பிரிவுகளைவிட அதிகமாகிவிட்டது. ‘நீங்கள் கொடுத்த இடம்’ என்று நிர்வாகம் என்னைக் குறை சொல்கிறது. தவறு செய்துவிட்டேனா? – வாசகி, மதுரை

பதில்: இல்லை அம்மா. உங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சனுக்கு 1990-களில் நேர்ந்தது. ஒற்றுமையாகவும் நல்ல தலைமையோடும் இயங்கும் செவிலியர் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து அவர் மருத்துவமனைகளில் கணக்கெடுத்தார். கிடைத்த புள்ளிவிவரம் தலைகீழாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம். பிறகு நெருங்கிப் பார்த்தபோது விடை கிடைத்தது. அந்தக் குழுக்களில் பிழைகள் கூடுதலாக நிகழவில்லை, கூடுதலாகச் சொல்லப்பட்டன. கண்டிப்பும் அச்சமும் நிறைந்த பிரிவுகளில் பிழைகள் பதிவேட்டுக்கு வராமல் செவிலியரின் மனத்துக்குள்ளேயே புதைந்து போயின. இந்த முடிவை அவர் 1996-இல் வெளியிட்டார். பின்னர் பல துறைகளில் நடந்த குழு ஆய்வுகளுக்கு அதுவே விதையாக அமைந்தது.

நிர்வாகத்திடம் பேசும்போது மொத்த எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். நோயாளிக்கு உண்மையில் தீங்கு விளைந்த பிழைகள் எத்தனை, ஊசி போடுவதற்கு முன்பே கண்டு தடுக்கப்பட்டவை எத்தனை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே மாதிரியான அட்டைப்பெட்டியில் வரும் இரண்டு மருந்துகளை ஒரே அலமாரித் தட்டில் வைப்பதால் மட்டும் எத்தனை முறை கை மாறிப்போனது என்பது போன்ற விவரம் அந்தப் பதிவுகளிலிருந்து கட்டாயம் கிடைக்கும். தட்டை மாற்றி வைத்துவிட்டு அடுத்த மாதக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்டிக்க மாட்டேன் என்பது கைதவறிய பிழைக்குத்தான்; வேண்டுமென்றே அலட்சியமாக நடப்பவருக்கும் அதே சலுகையைக் கொடுத்தால், ஒழுங்காக வேலை செய்பவர்கள் உங்கள் மீது நம்பிக்கை இழப்பார்கள். கனிவு வேறு, கண்டும் காணாமல் இருப்பது வேறு.

கேள்வி: நிதி நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மாத இலக்கை எட்ட, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே காப்பீட்டைச் சேர்த்து விற்பது எங்கள் கிளையில் சாதாரணம். கேட்டால், ‘எல்லோரும் செய்வதுதான்’ என்கிறார்கள். நான் செய்வதில்லை, பட்டியலில் எப்போதும் கடைசியில் நிற்கிறேன். குணம் என்பது தனிமனிதனின் பொறுப்பா, நிறுவனத்தின் பொறுப்பா? – வாசகர், சென்னை

பதில்: இரண்டும்தான் என்று சொல்லித் தப்பித்துவிடலாம், ஆனால் உங்கள் விஷயத்தில் நிறுவனத்தின் பங்குதான் பெரிது என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்குகள் அல்லது சேவைகளை விற்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. ஒருவருக்குச் சேமிப்புக் கணக்கு, கடன் அட்டை, வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்தாலும் எட்டு வருவது கடினம். அந்த இலக்கு வாடிக்கையாளரின் தேவையைக் கணக்கிட்டு வைத்ததன்று. நாள்தோறும் கிளைகளிடம் எண்ணிக்கை கேட்கப்பட்டது. எட்டாதவர்களுக்கு வேலை போகும் அச்சம் இருந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள்.

2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது, ஏறத்தாழ 20 லட்சம் கணக்குகள் அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். மறு ஆண்டு அந்த எண்ணிக்கை 35 லட்சமானது. 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 5,300 பேரை இதற்காக வேலைநீக்கம் செய்திருப்பதாக வங்கி சொன்னது. இந்த எண்ணிடத்தில்தான் நான் நின்றுவிடுவேன். ஒரே நிறுவனத்தில் 5,300 பேர் ஒரே தவற்றைச் செய்தால், தீய குணமுள்ளவர்களை எல்லாம் தேடிப் பிடித்து அந்த வங்கி வேலைக்கு எடுத்தது என்றா பொருள்? பெரும்பாலோர் வாடகை கட்ட வேண்டிய, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய சராசரி மனிதர்கள். தலைமைச் செயல் அதிகாரி முதலில் கீழ்மட்ட ஊழியர்களின் மீது பழியைப் போட்டார். அமெரிக்க செனட் குழு முன் வறுத்தெடுக்கப்பட்டு, அக்டோபரில் பதவி விலகினார். பின்னாளில் அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதமும் வங்கித் துறையில் பணியாற்ற வாழ்நாள் தடையும் வந்தன. வங்கி 2020-இல் 300 கோடி டாலர் கட்டி வழக்குகளை முடித்துக்கொண்டது. அதற்கு முன்பே, 2018-இல், மத்திய வங்கி அதன் சொத்து அளவு வளரக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்திருந்தது. அது ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பொய்க் கணக்குகளால் வங்கிக்குக் கிடைத்த கட்டண வருமானம் இந்த இழப்புகளின் முன் சில்லறைக் காசு.

உங்களுக்கு என் யோசனை: விற்பனை எண்ணிக்கையோடு, ஓராண்டு கழித்தும் தொடரும் பாலிசிகள் எத்தனை, வாடிக்கையாளர் புகார்கள் எத்தனை என்ற கணக்கையும் உங்களுக்கென்று எழுதி வையுங்கள். சொல்லாமல் தலையில் கட்டிய காப்பீடு மறு ஆண்டு புதுப்பிக்கப்படுவது அரிது. கிளை மேலாளர் மாறும்போதோ தணிக்கை வரும்போதோ அந்தத் தாள் பேசும். அதுவரை பட்டியலின் கடைசியில் நிற்பது வலிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஊக்கத்தொகை குறைந்து, வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். இங்கே உட்கார்ந்து எழுதும் நான் அல்லன்.

கேள்வி: தலைவர் பலர் முன்னிலையில் தன் தவற்றை ஒப்புக்கொண்டால் மரியாதை குறைந்துவிடாதா? – வாசகர், திருச்சி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1956 நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்து, 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்திருந்தார். பிரதமர் நேரு அப்போது ஏற்கவில்லை, இம்முறை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரியின் மரியாதை குறையவில்லை. 1964-இல் அவரே பிரதமரானார்.

ஆனால் பணியிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது என்பது என் கருத்து. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் முயற்சி ஐந்தே நிமிடங்களில் வங்கக் கடலில் முடிந்தது. ஏவுவதற்குச் சற்று முன் கணினி ‘நிறுத்து’ என்று எச்சரித்தும், வல்லுநர்களின் ஆலோசனையைக் கேட்டு, தொடரலாம் என்று முடிவெடுத்தவர் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். இதைப் பிற்காலத்தில் பல மேடைகளில் ஒளிக்காமல் சொன்னவரும் அவரேதான். அன்று பத்திரிகையாளர்களின் முன் அவரைத் தள்ளிவிட்டு ஒதுங்கியிருந்தால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானை எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. தவான் தாமே போய் அமர்ந்து, பொறுப்பைத் தம்மீது ஏற்றுக்கொண்டு, தம் குழுவின் மீது தமக்கு நம்பிக்கை இருக்கிறது என்றார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார்.

இந்தக் கதையைத் தன்னம்பிக்கைக் கூட்டங்களில் ஆயிரம் முறை கேட்டிருப்பீர்கள். அடக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். எனக்கு அந்த இரண்டு நாள்களைவிட, இடைப்பட்ட பதினொரு மாதங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. தோல்வி ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் இளம் பொறியாளரை நினைத்துப் பாருங்கள். பழி எங்கே போய் விழும் என்ற கவலை அவருக்கு இல்லை; அது ஏற்கெனவே தலைவரின் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எந்த வால்வில் அமிலம் கசிந்தது, யார் கவனிக்கத் தவறினார்கள் என்று அவர் துணிந்து பேசலாம். பொறுப்பேற்ற தலைவர் விலகிப் போய்விடாமல் உடனிருந்து பழுது பார்த்ததால்தான், சாஸ்திரியின் செயலைவிடத் தவானின் செயலை நான் மேலாளர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். இதில் என்னோடு மாறுபடுபவர்கள் உண்டு என்பதும் தெரியும்.

கேள்வி: எங்கள் துறைத் தலைவர் மகா திறமைசாலி, ஆனால் கோபம் வந்தால் வாயில் வராத சொல் இல்லை. திறமைக்காகப் பொறுத்துப் போகலாமா? – வாசகி, கோவை

பதில்: அவர் திறமையால் ஈட்டித் தருவதை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். அவருடைய அறைக்குள் போகப் பயந்து ஒருவர் மூன்று நாள் தள்ளிப்போட்ட தகவலுக்கு யார் கணக்கு எழுதுகிறார்கள்? மேலே உள்ளவர்கள் அதை எழுதத் தொடங்கும்வரை நீங்கள் பொறுத்துத்தான் போக வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் செய்யலாம்: காலையில், அவர் தேநீர் குடித்து முடித்த பிறகு, தனியாகச் சொல்லிப் பாருங்கள். கோபக்காரர்களுள் பாதிப் பேர் தாங்கள் கத்துவதைத் தாங்கள் கேட்டதே இல்லை. எனக்கும் ஒரு மேஸ்திரி அப்படித்தான் சொல்லிக் காட்டினார்.

கேள்வி: தரச் சான்றிதழ் ஒன்றில் கையெழுத்திட மறுத்தேன். என்னை வேறு பிரிவுக்கு மாற்றி, மூலையில் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். நான் மறுத்த பொருளை வேறொருவர் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். நேர்மையால் நான் கண்டது என்ன? – வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறுதலாக ஒரு வரி எழுதி முடித்துவிட மனம் வரவில்லை.

1986 ஜனவரி 27 இரவு, விண்கலத்துக்கு உந்து ராக்கெட்டுகளைச் செய்து தந்த மார்ட்டன் தயோகால் என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் நாசாவோடு தொலைபேசியில் விவாதித்தார்கள். மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் புறப்பட வேண்டும். அதன் உந்து ராக்கெட்டுகளின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் விறைத்துப்போய், சூடான வாயுவைத் தடுக்கத் தவறலாம். 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள் ரோஜர் பாய்ஸ்ஜோலி உள்ளிட்டோர். நாசா தரப்பில் எரிச்சல். விவாதத்தை இடையில் நிறுத்தி நிறுவனத்தார் தங்களுக்குள் பேசியபோது, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணிந்துகொள்ளுமாறு ஓர் உயரதிகாரி இன்னொருவரிடம் சொன்னார். முடிவு மாறியது. ஏவுதளத்தில் இருந்த அந்நிறுவனப் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்டு ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தார். அவருக்குப் பதிலாக, நிறுவனத்திலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டுத் தொலைநகலில் அனுப்பினார். மறுநாள் காலை, புறப்பட்ட 73-ஆம் நொடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தேவை. பாய்ஸ்ஜோலி, மெக்டொனால்டு இருவரும் விசாரணை ஆணையத்தின் முன் உண்மையைச் சொன்னார்கள், இருவரும் ஒதுக்கப்பட்டார்கள். மெக்டொனால்டு பதவியிறக்கப்பட்டார்; அமெரிக்க நாடாளுமன்றத்திலிருந்து நெருக்கடி வந்த பிறகு அதே நிறுவனம் அவரைத் துணைத் தலைவராக்கி, உந்து ராக்கெட்டை மறுவடிவமைக்கும் பணியை அவரிடமே ஒப்படைத்தது. 1988 செப்டம்பர் 29 அன்று விண்வெளி ஓடம் மீண்டும் பறந்தது அவர் சீரமைத்த இணைப்புகளோடுதான். பாய்ஸ்ஜோலிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. சக ஊழியர்களின் வெறுப்பையும் மனவேதனையையும் தாங்க முடியாமல் நிறுவனத்தை விட்டு வெளியேறினார்; எஞ்சிய காலத்தில் பொறியியல் அறம் குறித்துக் கல்லூரிகளில் உரையாற்றினார். ஒரே இரவு, ஒரே துணிவு, இரண்டு வெவ்வேறு வாழ்க்கைகள். நேர்மைக்குப் பலன் நிச்சயம் என்று உங்களிடம் எழுத எனக்கு உரிமையில்லை.

எழுதக்கூடியது வேறொன்று உண்டு. நீங்கள் மறுத்ததைக் காரணத்தோடு, தேதியோடு, மின்னஞ்சலில் எழுதிவைத்திருக்கிறீர்களா? வாய்மொழி மறுப்பு ஆறு மாதத்தில் ஆவியாகிவிடும். உங்கள் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 177-ஆம் பிரிவின்படி, ஊழியர்கள் முறைகேட்டைத் தெரிவிப்பதற்கு ஓர் ஏற்பாடும், தெரிவித்தவரைப் பழிவாங்காமல் காக்கும் வழியும், தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகும் வாய்ப்பும் இருக்க வேண்டும். விவரம் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும். தனியாகப் போகாதீர்கள், சோதனைக் கூடத்தில் உங்களோடு இருந்த ஒருவராவது அந்த அளவீட்டுக்குச் சாட்சியாக இருப்பார். வேறு வேலை தேடுவதும் கோழைத்தனமாகாது.

கேள்வி: நேர்காணலில் குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், சேலம்

பதில்: முகத்தைப் பார்த்துச் சொல்வேன் என்பவர்களை நம்பாதீர்கள், நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு இரண்டு முறை ஏமாந்தவன். பேரிக், மவுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், ஆளுமைக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1991-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொழிலாளி, மேலாளர், விற்பனையாளர், காவலர் என எல்லா வகைப் பணிகளிலும் திறனோடு தொடர்ந்து தொடர்புடையதாக நின்றது ஒரே ஒரு பண்பு: எடுத்த வேலையைப் பொறுப்போடும் ஒழுங்கோடும் முடிக்கும் கடமையுணர்வு. கலகலப்பு விற்பனைக்கும் மேலாண்மைக்கும் ஓரளவு உதவியது, அவ்வளவுதான். நாமோ நேர்காணலில் கலகலப்புக்குத்தான் மயங்குகிறோம்.

நான் கேட்டுவந்த கேள்வி ஒன்று உண்டு: ‘உங்களால் கெட்டுப்போன வேலை ஒன்றைச் சொல்லுங்கள், எப்போது தெரிந்தது, முதலில் யாரிடம் சொன்னீர்கள்?’ அப்படி எதுவும் நடந்ததில்லை என்பவரை விட்டுவிடுவேன். ‘யாரிடம்’ என்பதற்கு ஒரு பதவியும், ‘எப்போது’ என்பதற்கு ஒரு நேரமும் உடனே வந்து விழுந்தால் அவர் உண்மையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: 40 பேர் வேலை செய்யும் சிறிய பம்ப் பட்டறை வைத்திருக்கிறேன். ஊழியர்களுக்கு நன்னெறிப் பயிற்சி வகுப்பு நடத்தலாம் என்று ஒரு பயிற்சியாளர் வந்து பேசினார். இரண்டு நாளுக்கு ஒரு தொகை கேட்கிறார். நடத்தலாமா? – வாசகர், கோவை

பதில்: அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 64 பக்கத்தில் நன்னெறிக் கையேடு அச்சிட்டுக் கொடுத்தது 2000-ஆம் ஆண்டு. கணக்கு மோசடி அம்பலமாகி அது திவாலானது 2001 டிசம்பரில். நம் ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத்துக்கு, நிறுவனங்களின் நல்லாட்சிக்கான தங்க மயில் விருது கிடைத்தது 2008-இல். மறு ஆண்டு ஜனவரி 7 அன்று, கணக்குகளில் பல ஆயிரம் கோடி ரூபாய் பொய் என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார், விருதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கையேட்டையும் வகுப்பையும் நான் வெறுக்கவில்லை. 40 பேர் உள்ள பட்டறையில் முதலாளி காலையில் என்ன செய்கிறார் என்பதை 40 பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் கேட்டதைவிட அதுதான் அவர்களுக்கு நினைவில் நிற்கும்.

கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, ஷிப்ட் மாறும் இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். அன்றன்றைக்கு எது கெட்டுப்போனது, எப்படித் தெரிந்தது என்று மட்டும் எழுதட்டும், பெயர் வேண்டாம். முதல் வாரம் ஒருவரும் எழுத மாட்டார்கள். ஆகவே முதல் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். தவறான அளவு சொல்லி வாங்கிய பேரிங், ஒரு வாரம் கையெழுத்திடாமல் மேசையில் கிடந்த ஆர்டர் என்று ஏதாவது ஒன்று உங்களிடம் இல்லாமலா போகும்? உங்கள் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும்; அதுவே போதும். இரண்டாம் வாரத்தில் யாராவது கோணல் எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தால், அதை எழுதியது யார் என்று கேட்காமல் அந்தக் கோளாற்றை அன்று மாலைக்குள் சரிசெய்துவிடுங்கள். நோட்டின் விலை ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். பயிற்சியாளருக்குத் தருவதாக இருந்த தொகையில் அழுத்தச் சோதனைக்கு இன்னொரு மேசை வாங்கிப் போடலாம்.